தறிச் சத்தத்தில் படித்த எம்.ஏ.

என் செல்ல மகனே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஓசூரில் வீடு அமைந்துவிட்டது, மருமகளுக்கு ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது, தொழிற்சாலையில் உனக்குத் தனி மேசை கொடுத்துவிட்டார்கள் என்றெல்லாம் முதல் பக்கத்தில் எழுதி என் வயிற்றில் பாலை வார்த்துவிட்டு, கடைசியில் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறாய். வேலைக்கும் போய்க்கொண்டு மாலைக் கல்லூரியில் எம்.இ. படிப்பது ஆகாத காரியமாம். மாடி வீட்டுக் குழந்தை ஓயாமல் அழுகிறதாம், எதிர் வீட்டு ரேடியோ அலறுகிறதாம், அமைதியில்லாத இடத்தில் புத்தி நிற்க மாட்டேன் என்கிறதாம். அதனால் இந்தப் பருவத்தோடு படிப்பை நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறாயாம். "உங்களுக்குத் தெரியாததா அம்மா?" என்று வேறு முடித்திருக்கிறாய். தெரியும்டா கண்ணு. அமைதியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தக் காஞ்சிபுரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அந்த அமைதிதான் ஒரு வருஷம் என்னைப் பரீட்சையில் குப்புறத் தள்ளியது. அந்தக் கதையை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. அப்போது நீ அரைக்கால் சட்டைப் பையன், உனக்கு ஒன்றும் நினைவிருக்காது. இந்தக் கடிதத்தை மருமகளுக்கும் படித்துக் காட்டு. அவள் திருநெல்வேலிப் பெண், தறியைப் பார்த்தறியாதவள் என்பதால், உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் அவளுக்காக விளக்கி எழுதுகிறேன். அலுத்துக்கொள்ளாதே.

எழுபதுகளில் நடந்தது. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பி.எஸ்ஸி.யும் ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி.யும் முடித்திருந்தேன், அதுவே நம் தெருவில் பெரிய படிப்பு. ஒரு நாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்லும் வழக்கமில்லை, அதனாலேயே எனக்குத் திக்கென்றது. "பள்ளிக்கூடத்துக்குப் பிளஸ் டூ வரப்போவுதும்மா. எல்லாப் பாடத்துக்கும் ஆள் தேத்திட்டேன். கணக்குக்கு மட்டும் எம்.ஏ. படிச்ச பொம்பள டீச்சர் கெடைக்கல. ஆள் இல்லன்னா கணக்குப் பிரிவே கேக்க முடியாது. நீ எழுதேன்," என்றார். ஆசிரியர்கள் வேலையில் இருந்துகொண்டே தனித்தேர்வராக எம்.ஏ. எழுதப் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்த காலம் அது. பிளஸ் டூ வருவதற்குள் நான் பாஸ் செய்தாக வேண்டும். "பாக்கறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பார்க்கிறேன் என்றால் முடியாது என்று அர்த்தம், அது அவருக்கும் தெரியும்.

என்னை முடியும் என்று சொல்ல வைத்தவர் ஜரிகை வியாபாரி ரஹ்மான் பாய். உங்கப்பாவின் தறிக்கு அவர் கடையிலிருந்துதான் ஜரிகை வரும். அந்த வாரம் ஜரிகையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். அவர் மகள் மெஹருன்னிசா என் வகுப்புதான். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு கணக்கை நான் செய்தது சுற்றுவழி என்று எழுந்து நின்று சொன்ன தைரியசாலி. "டீச்சரம்மா, நம்ம மெஹரு கணக்குன்னா சோறு தண்ணி வாணாங்குது. இன்னும் மேல படிக்கணுன்னு அழுதுகினே இருக்குது. பசங்க ஸ்கூலுக்கு நான் அனுப்ப மாட்டேன், அதப் பத்திப் பேச்சே வாணாம். நம்ம பொண்ணுங்க ஸ்கூல்லயே கணக்கு வந்தா கண்டிப்பா அனுப்பறேன். இல்லன்னா ஆம்பூர்ல ஒரு எடம் வந்துருக்குது, நிக்காஹ் முடிச்சிட வேண்டியதுதான்," என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவர் மேல் காட்டவும் முடியவில்லை. மகளைப் பற்றிப் பேசும்போது அந்த மனுஷன் முகத்தில் அத்தனை பெருமை. "கணக்குப் பிரிவு வந்தா அனுப்புவீங்கல்ல? அப்புறம் வார்த்தை மாறக் கூடாது பாய்," என்றேன். "அல்லா மேல ஆணையா மாற மாட்டேம்மா" என்றார். அவர் படி இறங்கியதும் உங்கப்பா தறியிலிருந்து தலையைத் தூக்கி, "அவர் மாற மாட்டாரு. நீ இன்னா பண்ணப் போற டீச்சர்?" என்று கேட்டார். உங்கப்பாவுக்கு என் மேல் கோபம் வந்தாலும் டீச்சர்தான், குஷி வந்தாலும் டீச்சர்தான்.

என்ன செய்வது என்றுதான் எனக்கும் தெரியவில்லை. நேரம் என்ற ஒன்று என்னிடம் இல்லை. நம் ஊர்ப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொண்டே போக வேண்டும், அதுதான் கோர்வை. அதற்கு நெய்கிறவர் ஒருவர் போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அவர் ஒரு நாடா தள்ளத் தள்ள, கரைக்கான நாடாவைத் தள்ளித் தர வேண்டும். நெசவாளி கையிலிருந்து ஓடி ஓடி இழை போடும் கட்டைதான் நாடா. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த உன் சித்தப்பா கல்யாணமாகித் தனித் தறி போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து காலையில் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும், சாயங்காலம் வந்த பிறகும் கரைப் பக்கம் உட்கார்ந்தது நான்தான். பகலில் உங்கப்பா கரையும் முந்தியும் இல்லாத சில்லறை வேலைகளைப் பார்த்துக்கொள்வார். நான் எழுந்து புத்தகத்தை எடுத்தால் தறி நின்றுவிடும்.

உங்கப்பாதான் வழி சொன்னார். "கைதான நாடா தள்ளுது? வாய் சும்மாதான இருக்குது? படி," என்றார். சிரித்தேன். உயர்கணிதம் என்ன சுலோகமா, ஒப்பித்துக்கொண்டே போவதற்கு? ஆனால் வேறு வழி இல்லாததால் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு தேற்றத்தின் நிறுவலையும் பழுப்புத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதித் தறிக் காலில் ஒட்டிவிடுவேன். நாடாவைத் தள்ளிக்கொண்டே உரக்கச் சொல்லுவேன். உங்கப்பா பலகையை இழுத்து அடிப்பார், தட். நான் ஒரு வரி சொல்லுவேன். மறுபடியும் தட், அடுத்த வரி. அந்தக் கணக்குகளில் எதற்கெடுத்தாலும் எப்சிலான் என்று ஒரு கிரேக்க எழுத்து வரும். உங்கப்பாவுக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடித்துவிட்டது. "இன்னா டீச்சர், எப்சிலான் இன்னும் வரல?" என்று கேட்பார். தெருவில் யாராவது தெரியாத ஆள் போனால், "எப்சிலான் போறாரு பாரு" என்பார். அவருக்கு ஒரு எழுத்துக் கணக்குப் புரியாது. ஆனாலும் நான் தப்பாகச் சொன்னால் சட்டென்று தறியை நிறுத்திவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சதச் சொல்லும்போது உன் கொரலு நேரா போவுது. தெரியாததுக்கு அப்பிடியே எறங்கிடுது. அதான் நிறுத்துனேன்," என்றார். பார்த்தால் அந்த இடத்தில் நான் ஒரு படியைத் தாண்டித்தான் போயிருப்பேன். ஒரு தடவை தொடர் கூட்டல் ஒன்றில் சிக்கிக்கொண்டு கரை நாடாவைத் தள்ளவே மறந்துபோனேன். கரை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் என்று விரல் அகலத்துக்குப் பிளந்து நின்றது. அவர் பிரித்து மறுபடியும் நெய்தார். "இந்தப் பொடவையக் கட்டிக்கினு போற பொண்ணுக்குக் கணக்குத் தானா வரும் பாரு" என்று சொன்னாரே தவிர ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அவரும் முன்கோபக்காரர்தான், உனக்குத் தெரியும். அந்த இரண்டு வருஷம் மட்டும் கோபத்தை எங்கே வைத்திருந்தார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

இப்படியாக ஒரு வருஷத்துப் பாடம் முழுவதும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கர்வம் என்றால் அப்படி ஒரு கர்வம். மெட்ராஸில் ஒரு பெரிய கல்லூரியில் பரீட்சை. உயரமான கூரை, இடம் விட்டு இடம் விட்டு மேசை. கேள்வித்தாளைப் பார்த்தேன், எல்லாம் தெரிந்த கேள்வி. பேனாவைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முதல் வரி வந்தது, இரண்டாவது வரி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். எனக்கு வேர்த்துக் கொட்டியது. என்னமோ குறைகிறது, என்னமோ குறைகிறது என்று மனம் அடித்துக்கொண்டதே தவிர, குறைவது என்னவென்று பிடிபடவில்லை. வெளியே வந்து கடற்கரைச் சாலையில் பஸ்களின் இரைச்சல் காதில் விழுந்ததும் அத்தனை நிறுவல்களும் வரிசையாக வந்து நின்றன. நடைபாதையிலேயே நின்று அழுதேன். தறிச் சத்தத்தோடு சேர்த்துப் படித்துவிட்டேன், தறிச் சத்தம் இல்லாமல் வரமாட்டேன் என்கிறது. நெசவாளி வீட்டுக்காரியைத் தவிர வேறு எவளாவது இப்படித் தோற்பாளா, சொல்லு.

முக்கால்வாசித் தாள்களில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து காரணத்தைச் சொன்னதும் உங்கப்பா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பிறகு, சத்தமில்லாமல் படித்துப் பழக வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து தீர்மானித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் உட்கார வைத்துத் திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் கோயிலில் என்னைக் கொண்டுபோய் விட்டார். அங்கே காக்கை கத்தினால்தான் சத்தம். மண்டபத்துத் தூணில் சாய்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். சாயங்காலம் அவர் வந்து எழுப்பும் வரைக்கும் அடித்துப் போட்டாற்போல் தூங்கியிருக்கிறேன். அடுத்த ஞாயிறும் அதே கதை. வாரமெல்லாம் உழைத்த உடம்புக்கு அமைதி என்றால் தூக்கம் என்றுதான் தெரிந்திருந்தது. சரி, அமாவாசை இருக்கிறதே என்று பார்த்தோம். அமாவாசையன்று நம் தெருவில் எந்தத் தறியும் ஓடாது. ஆனால் தறி ஓடாத நாளில் தெருவே ஓடும் என்பதை மறந்துவிட்டோம். சீட்டுக்கட்டும் சண்டையும் ஊர்க்கதையுமாக ஒரே அமளி. உங்கப்பாவோ வேலையில்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். அவர் பாட்டுக்குத் தறிச் சத்தமே மேல் என்று மறுநாள் பழையபடி கரைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அடுத்த வருஷப் பாடத்தையும் பழைய பாக்கியையும் அதே சத்தத்தில்தான் படித்து முடித்தேன்.

இதற்கிடையில் மெஹருன்னிசா பள்ளியிறுதி எழுதி முடித்துவிட்டாள். ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "டீச்சர், ஆம்பூர்லருந்து பாத்துட்டுப் போனாங்க. வாப்பா இன்னும் பதில் சொல்லல. உங்க ரிசல்ட்டு வரட்டுன்னு சொல்லிகினு இருக்காரு," என்றாள். அவள் என்னைக் கெஞ்சவில்லை, மிரட்டவுமில்லை. கணக்கில் கொடுக்கப்பட்டதைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு நின்றாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாவது தடவை பரீட்சைக்குப் போனபோது உங்கப்பா தறியை நிறுத்திவிட்டு என்னோடு கிளம்பினார். கல்யாணச் சேலை ஒன்று பாதியில் நின்றது. கேட்டவர்களிடம், "பரீட்ச முடியட்டும், அப்புறம் வா" என்று சொல்லிவிட்டார். தினமும் கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். முதல் நாள் உள்ளே போனேன். அதே கூரை, அதே அமைதி. கண்ணை மூடிக்கொண்டு, தட், தட் என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது. உதட்டை அசைத்துச் சொன்னேன், இன்னும் கொஞ்சம் வந்தது. மேற்பார்வைக்கு நின்ற அம்மாள் நேராக என்னிடம் வந்துவிட்டார். "உதடு அசையுதே, யாருக்கு விடை சொல்ற?" என்றார். என் மேசையைத் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. சந்தேகமும் தீரவில்லை. மேசையோடு என்னைத் தூக்கி வராந்தாவில், கல்லூரி அலுவலக ஜன்னல் பக்கத்தில் போட்டுவிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவமானத்தில் தலை கவிழ்ந்தது. முடிந்தது, இந்த ஜன்மத்தில் எம்.ஏ. இல்லை என்று நினைத்தேன். அப்போது ஜன்னலுக்கு உள்ளே ஒரு டைப்பிஸ்ட் வேலையை ஆரம்பித்தார். தட் தட் தட், கடைசியில் ஒரு மணி, பிறகு சர்ரென்று ஓர் இழுப்பு, மறுபடியும் தட் தட். அடடா, என்னவென்று சொல்லுவேன்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்சிலான் வந்தது, பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கூடுதல் தாள் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

மறுநாள் நான் ஹாலுக்குள்ளேயே போகவில்லை. நேராக அந்த அம்மாளிடம் போய், "நேத்து போட்ட எடத்துலயே போடுங்க மேடம்" என்றேன். "அது தண்டனைம்மா!" என்றார். "எனக்கு அந்தத் தண்டனைதான் வேணும்" என்று சொல்லி, தறி, நாடா, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவர் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னையும் பார்த்தார், வாசல் பக்கமும் பார்த்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு பரீட்சைக்கும் நான் போகும்போது வராந்தாவில் மேசை தயாராக இருந்தது, தண்ணீர் வைத்த தம்ளரோடு. கடைசிப் பரீட்சையன்று மட்டும் என்னைப் பார்த்ததும் தயங்கினார். "இன்னிக்கு ஆபீசுக்கு லீவும்மா" என்றார் மெதுவாக, தன் தப்பு போல. ஜன்னல் சாத்தியிருந்தது. எனக்குச் சுரீரென்றது. ஆனது ஆகட்டும் என்று தெரிந்த கணக்குகளில் மிகச் சுலபமானதை முதலில் எழுதினேன். அடுத்ததையும் எழுதினேன். பாதியில்தான் கவனித்தேன், எந்தச் சத்தமும் இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் பேனா ஓடுகிற சத்தம் ஒன்றுதான் இருந்தது, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. கண்ணு, அன்று நான் பட்ட சந்தோஷம் ரிசல்ட் வந்த அன்றுகூடப் படவில்லை.

ஆகவே, அமைதி இல்லை என்று என்னிடம் எழுதாதே. மாடிக் குழந்தை அழட்டும், அது பாட்டுக்கு அழும், நீ உன் பாட்டுக்குப் படி. தொழிற்சாலையில் நாளெல்லாம் இயந்திர இரைச்சலுக்கு நடுவில் வேலை பார்க்கிறவன் ரேடியோவுக்குப் பயப்படலாமா? முடியாமல் போகிற அன்று மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உரக்கப் படி. அவளுக்குப் புரிய வேண்டாம், உன் குரல் எங்கே இறங்குகிறது என்று அவள் சொல்லிவிடுவாள். ஒரு பருவம் கவிழ்ந்தால் கவிழட்டும், உன் அம்மாவும் கவிழ்ந்து எழுந்தவள்தான். இன்னொன்று. மருமகளுக்குப் பி.எட். படிக்க ஆசை இருக்கிறது. கல்யாணத்தன்று கூட்டத்துக்கு நடுவே என் காதில் சொன்னாள், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவள் படிக்கிறபோது அடுப்பங்கரைக்குள் போக வேண்டியது நீ. உங்கப்பா பிள்ளைதானே, போவாய் என்று நம்புகிறேன்.

ரிசல்ட்டைச் சொல்லி முடிக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பேப்பரில் என் நம்பர் வந்துவிட்டது. உங்கப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு, நெய்யும்போது கட்டுகிற வேட்டியோடு, எங்கே ஓடினார் தெரியுமா? ரஹ்மான் பாய் கடைக்கு. கட்டின பெண்டாட்டிக்குச் சொல்வதற்கு முன்னால் ஜரிகைக் கடையில் போய்ப் பேப்பரை விரித்து, "பாய், நம்ம டீச்சர் பாஸு. நீங்க குடுத்த வார்த்தை இன்னா ஆச்சி?" என்று கேட்டிருக்கிறார். பாய் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டாராம். நான் பாஸ் என்ற செய்தி எனக்குக் கிடைப்பதற்குள் ஜரிகைக் கடைத்தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்துத் தறியையெல்லாம் நிறுத்திவிட்டு ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். உங்கப்பா அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, எம்.ஏ. பட்டம் தனக்கே கிடைத்தது போல் எப்சிலானைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் பிரிவும் கிடைத்தது. பள்ளி திறந்த அன்று பாய் மெஹருன்னிசாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் பின்னால் இன்னும் நான்கு பெண்கள். "இவங்கல்லாம் யாரு பாய்?" என்று கேட்டேன். "அண்ணன் பொண்ணு, மச்சான் பொண்ணு, இது ரெண்டும் பக்கத்து வூட்டுப் பொண்ணுங்க. ஒண்ண அனுப்பறேன்னுதான் வார்த்தை குடுத்தேன் டீச்சரம்மா. வழியில எல்லார் வூட்டுக் கதவையும் தட்டிட்டேன்," என்றார். புதிய வகுப்புக்குப் போட்ட பெஞ்சுகள் போதவில்லை. தலைமையாசிரியை தன் அறையிலிருந்த பெஞ்சைத் தூக்கி வரச் சொன்னார். பட்டமளிப்பு விழாவுக்கு நான் போகவில்லை, பட்டம் பிறகு தபாலில் வந்து சேர்ந்தது. ஆனால் பள்ளி திறந்த அன்று காலையில், நம் ஊர்ப் பெண்களின் முதல் பிளஸ் டூ கணக்கு வகுப்பில், வருகைப் பதிவேட்டைத் திறந்து, "மெஹருன்னிசா" என்று கூப்பிட்டேன். அவள் எழுந்து நின்று, வகுப்பறை அதிர, "உள்ளேன் டீச்சர்" என்றாள். மேடை ஏறாமலே நான் எம்.ஏ. ஆனேன்.

உன் தேர்வு எண்ணை எழுதி அனுப்பு, உங்கப்பா கேட்கிறார்.

உன் அம்மா